சிடி ப்ளேயர் படுத்துருச்சா? பழைய ஸ்டீரியோவ அப்படியே வச்சுக்கிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறுறது எப்படி

காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல எங்க வீட்டுப் பட்டாலைல, அதாவது வீட்டுக்கு நடுவுல இருக்குற கூடத்துல, ஒரு ஸ்டீரியோ செட் இருக்கு. 1994-ல அப்பச்சி (எங்க அப்பா) மலேசியாவுல இருந்து கொண்டாந்தது, ஆம்ப் (சத்தத்த ஏத்துற ஆம்ப்ளிஃபயர்) தனி, சிடி ப்ளேயர் தனி, டபுள் கேசட் டெக் தனி, ரெண்டு பக்கமும் இடுப்பு உசரத்துக்கு ஸ்பீக்கர். போன தை மாசம் அந்த சிடி ப்ளேயர் ட்ரேய உள்ள இழுத்துக்கிட்டு திருப்பித் தரமாட்டேன்னு உக்காந்துருச்சு. பங்காளி ஒருத்தன், முனீஸ்வரன் கோயில் தெருவுல போட்டுட்டு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கடான்னான். காரைக்குடில அந்தத் தெரு தெரியும்ல, நம்ம ஊரு வீட்டு நிலை, கதவு, பீங்கான் சட்டி எல்லாம் கடைசில போய்ச் சேர்ற எடம்.

அப்படியெல்லாம் போட்டுறாதீங்க. பழைய செட்டுல சீக்கிரம் சாகுறது சுத்துற சாமான்தான், சிடி மோட்டாரு, லென்ஸு, கேசட் பெல்ட்டு. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் பாத்துக்கிட்டா இன்னும் பல வருஷம் ஓடும், சத்தம் நல்லா இருக்கா இல்லையான்னு முடிவு பண்றதும் அதுங்கதான். பாட்டு வர்ற வழிய மட்டும் மாத்தினா போதும். நான் ரெண்டு மாசம் தப்பு தப்பா பண்ணி, தேவையில்லாத ரெண்டு சாமான் வாங்கி, கடைசில சரி பண்ணேன், நீங்க அந்த ரெண்டையும் வாங்க வேணாம்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல செட்டு உசுரோட இருக்கான்னு பாருங்க

புதுசா எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் இதுக்கு ஒதுக்குங்க. பின்னாடி வோல்டேஜ் என்ன போட்டிருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. மலேசியா, சிங்கப்பூர்ல இருந்து வந்ததுன்னா கவலையில்ல, அங்கயும் நம்ம மாதிரி 230-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ப்ளக்கு மட்டும் மூணு செவ்வகக் கால் இருக்கும், அத மாத்திக்கிட்டா போதும். ஜப்பான்ல வாங்கினது 100 வோல்ட், அமெரிக்காவுல இருந்து வந்தது 120, அத நேரா நம்ம ப்ளக்ல சொருகினா அன்னைக்கோட கதை முடிஞ்சுது. ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சுத்தான் போடணும். சில செட்டுல பின்னாடி ஸ்க்ரூட்ரைவர் வச்சு திருப்புற வோல்டேஜ் செலக்டர் இருக்கும், அது எதுல நிக்குதுன்னு பாத்துட்டே போடுங்க.

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடுன்னா மூடிய கழட்டி ப்ளோயர் அடிக்கச் சொல்லுங்க. எங்க ஆம்ப்ப மெக்கானிக் தொறந்தப்ப ட்ரான்ஸ்ஃபார்மர் ஓரத்துல பல்லி முட்டை ஏழு வரிசையா ஒட்டியிருந்துச்சு, வெள்ளை வெளேர்னு சீரக மிட்டாய் மாதிரி, பக்கத்துல காஞ்சு போன ஒரு பல்லி. சூடான எடம்னு குடும்பத்தோட வந்துருக்கு. இத நீங்களே தொறக்காதீங்க, ப்ளக்க கழட்டின பிறகும் உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும், கை வச்சா தூக்கி எறியும்.

வால்யூம திருப்புறப்ப கரகரன்னு வந்தா பயப்பட வேணாம், உள்ள தூசியும் களிம்பும்தான், கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேய ஒரு சொட்டு விட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை திருப்பினா சரியாப் போயிரும், மெக்கானிக் தொறந்திருக்குறப்பவே அதையும் பண்ணச் சொல்லிடுங்க. ஸ்பீக்கர் துணிய கழட்டி, கோனைச் சுத்தி இருக்குற வளையத்த விரலால லேசா தொட்டுப் பாருங்க. ஸ்பாஞ்சு மாதிரி வளையமா இருந்து, தொட்டா விரல்ல கருப்பா ஒட்டிக்கிட்டு உதிர்ந்தா அது முடிஞ்சுபோச்சு, நம்ம ஊர் வெக்கையில பதினஞ்சு இருபது வருஷம் தாங்கினாலே பெருசு. அதுக்காக ஸ்பீக்கரையே மாத்த வேணாம், வளையத்த மட்டும் புதுசா ஒட்டித் தருவாங்க, சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரிங்க. ரப்பர் வளையம்னா நீங்க குடுத்து வச்சவங்க.

ஸ்பீக்கர் வயரு ரெண்டு பக்கமும் சிவப்பு சிவப்புலயும் கருப்பு கருப்புலயும் இருக்கான்னும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா பாட்டு வரும், ஆனா தவில் அடிச்சா தகர டப்பா அடிச்ச மாதிரி இருக்கும். எங்க வீட்ல எத்தனை வருஷமா அப்படியே ஓடிச்சோ, வெள்ளை அடிக்க நகத்தினப்ப யாரோ மாத்தி மாட்டியிருக்காங்க.

பின்னாடி எந்த ஓட்டைல சொருகுறது

ஆம்ப் பின்னாடி சிவப்பு வெள்ளையா ஜோடி ஜோடியா ஓட்டை இருக்கும், அதுக்குப் பேரு ஆர்சிஏ. சிவப்பு வலது, வெள்ளை இடது, பழைய செட்டுல வெள்ளைக்குப் பதிலா கருப்பு. மேல சிடி, ஆக்ஸ், ட்யூனர், டேப் ப்ளே, லைன் இன்னு எழுதியிருக்கும், இதுல எதுல சொருகினாலும் ஒண்ணுதான், பேருதான் வேற வேற. ரெண்டுல மட்டும் கை வைக்காதீங்க. ஒண்ணு போனோ. அது இசைத்தட்டு ப்ளேயருக்குன்னு இருக்குறது, ஊசியில இருந்து வர்ற ரொம்பச் சின்ன சிக்னல பல மடங்கு ஏத்துற சர்க்யூட் உள்ள இருக்கு, அதுல ஃபோன சொருகினா காது கிழியும், ஸ்பீக்கரும் கிழிஞ்சாலும் கிழியும். இன்னொண்ணு டேப் ரெக். அது வெளிய போற வழி, அதுல சொருகிட்டு ஏன் சத்தம் வரலன்னு நான் அரை நாள் உக்காந்திருந்தேன், வெளில சொல்லாதீங்க.

ஆம்ப் தனியா இல்லாம எல்லாம் ஒரே டப்பாவா இருக்குற செட்டுன்னா பின்னாடி ஆக்ஸ் இல்ல வீடியோ இன்னு ஒரே ஒரு ஜோடி இருக்கும், இல்லாட்டி முன்னாடி சின்னதா 3.5 எம்எம் ஓட்டை. அதுவும் இல்லன்னா, கேசட் ஓடுற நிலைமைல இருந்தா கேசட் அடாப்டர்னு ஒண்ணு இருக்கு, கேசட் மாதிரியே இருக்கும், வால் மாதிரி ஒரு வயர் தொங்கும், கார்ல போட்டிருப்பீங்க. தேவலாம் ரகம். எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர்னு விக்கிறாங்க, அது எதுவுமே வேலைக்கு ஆகாதப்ப வாங்குறது.

இப்ப நாலு வழி

வயரு. ஃபோன்ல இருந்து ஆம்ப்புக்கு 3.5 எம்எம் டு ஆர்சிஏ கேபிள், சில நூறு ரூபாய்ல முடிஞ்சுது. ஃபோன்ல ஹெட்ஃபோன் ஓட்டை இல்லன்னா டைப்-சி டாங்கிள் ஒண்ணு வேணும், உள்ள டேக் சிப் (டிஜிட்டல் பாட்ட ஆம்ப்புக்குப் புரியுற சிக்னலா மாத்துறது) இருக்குறதா பாத்து வாங்குங்க. சத்தம் சுத்தமா வரும், ஒரு குறையும் இல்ல. ஆனா ஃபோன் செட்டோட கட்டிக் கிடக்கும், கால் வந்தா பாட்டு நின்னுரும். வீட்ல சும்மா கிடக்குற பழைய ஃபோன் இருந்தா அத இதுக்குன்னே போட்டு வச்சுட்டா அந்தப் பிரச்சினை இல்ல. ஆசையா ட்ரை பண்றவங்களுக்கு மொத வாரம் இது போதும், உடனே காசு போடாதீங்க.

ப்ளூடூத் ரிசீவர். தீப்பெட்டி சைஸ்ல ஒரு டப்பா, அதுல இருந்து ஆர்சிஏ வயர் ஆம்ப்புக்கு, பாட்டு ஃபோன்ல இருந்து காத்துல வரும். சுலபம்தான், நான் மொதல்ல வாங்கினது இதத்தான், வாங்கியிருக்க வேணாம். நம்ம வீட்டுச் சுவர் இருக்குற தடிமனுக்கு வளவுல (நடு முற்றத்துல) இருந்து பின்னாடி ரெண்டாங்கட்டுக்குப் போனாலே பாட்டு திக்கும். அதோட ஃபோன்ல என்ன சத்தம் வந்தாலும் ஸ்பீக்கர்ல வரும். ஒரு நாள் சாயங்காலம் ஆத்தா (எங்க அம்மா) விளக்கேத்திட்டு இருந்தப்ப சாமி பாட்டுக்கு நடுவுல எனக்கு வந்த வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு கை பட்டு ஓடி, நண்பன் ஒருத்தன் பேசின பேச்சு வாசப்பக்கம் முகப்பு வரைக்கும் கேட்டுச்சு. என்ன பேசினான்னு எழுத முடியாது.

இன்னொரு விஷயம், ப்ளூடூத்ல பாட்டு பெரும்பாலும் சுருக்கித்தான் வரும், சுருக்குற முறைக்கு கோடெக்னு பேரு. சாதா எஸ்பிசி கோடெக்னா 328 கேபிபிஎஸ் (செகண்டுக்கு எத்தனை கிலோபிட்னு கணக்கு) வரைக்கும், எல்டேக் இருந்தா 990 வரைக்கும், சிடிலயோ 1411. லாஸ்லெஸ்னு, அதாவது ஒண்ணும் குறையாத பாட்டுன்னு, காசு கட்டிட்டு ப்ளூடூத்ல கேக்குறது பால் பாயசம் வச்சு டீ வடிகட்டில வடிச்சு குடிக்கிற மாதிரி.

வைஃபை ஸ்ட்ரீமர். என்னைக் கேட்டா இதுதான். இந்தப் பெட்டி நேரா இன்டர்நெட்ல இருந்து பாட்ட எடுத்துக்கும், ஃபோன் வெறும் ரிமோட்டு. பாட்டப் போட்டுட்டு ஃபோன எடுத்துக்கிட்டு கடைத்தெருவுக்குப் போயிடலாம், வீட்ல பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். வியிம் மாதிரி கம்பெனிங்க இதுக்குன்னே பண்றாங்க. கூகுளோட க்ரோம்காஸ்ட் ஆடியோ நல்ல சாமான், 2019 ஜனவரில நிறுத்திட்டாங்க. கை வேலை பிடிக்கும்னா ராஸ்பெர்ரி பை ஒண்ணுல வால்யூமியோ போட்டு நீங்களே பண்ணலாம். வாங்குறதுக்கு முன்னாடி நீங்க எந்த ஆப்ல பாட்டு கேக்குறீங்களோ அத அந்தப் பெட்டி எடுத்துக்குமான்னு பாருங்க, ஸ்பாட்டிஃபை கனெக்ட் இருக்கா, ஏர்ப்ளே இருக்கா, க்ரோம்காஸ்ட் இருக்கா. ஒரே கம்பெனிலயே சின்ன மாடல்ல ஒண்ணு இருக்காது, பெரிய மாடல்ல இருக்கும்.

நாலாவது, ஸ்மார்ட் டிவி பக்கத்துலயே இருந்தா அதுலயே ஆப் இருக்கு, டிவி பின்னாடி ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தா அங்கருந்து ஆம்ப்புக்கு இழுங்க. ஆப்டிகல் மட்டும்தான் இருக்குன்னா நடுவுல ஒரு டேக் பெட்டி வேணும், டிவி செட்டிங்ல சவுண்ட பிசிஎம்னு மாத்துங்க, மாத்தலன்னா சில நேரம் சத்தமே வராது.

மாட்டுறப்ப ஆம்ப் சுவிட்சு ஆஃப், வால்யூம் சைபர், அப்புறம் வயரு, கடைசியா பவர். ஆம்ப் முன்னாடி இருக்குற செலக்டர நீங்க சொருகின பேருக்குத் திருப்புங்க, பாதி பேரு இத மறந்துட்டுதான் வயர் சரியில்லன்னு கடைல சண்டை போடுறாங்க.

செட்டு வீட்டுக்கு நடுவுல, ரௌட்டர் முகப்புல

நம்ம ஊர்ல நிஜமான தொல்லை இதுதான், சாமான் இல்ல. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அந்தத் தெருவுல முடியும், ஃபைபர்காரங்க ரௌட்டர முகப்புலயே மாட்டிட்டுப் போயிடுவாங்க. சுண்ணாம்புச் சுவரு, தேக்குக் கதவு தாண்டி வைஃபை பட்டாலைக்கு வர்றப்ப ஒரு கோடுதான் மிச்சம். இதுல ஸ்பீடு பிரச்சினையே இல்ல, 320 கேபிபிஎஸ் பாட்டுக்கு மணிக்கு 144 எம்பி ஆகும், இருக்குறதுலயே சின்ன ப்ளான் போதும். விட்டு விட்டு வர்றதுதான் கொல்லும். ஸ்ட்ரீமர 5 கிகாஹெர்ட்ஸ்ல போடாம 2.4-ல போடுங்க, அது சுவரத் தாண்டி கொஞ்சம் கூட வரும். அதுலயும் சரியா வரலன்னா மெஷ் (வீடு பூரா வைஃபை பரப்ப அங்கங்க வைக்கிற பெட்டிங்க) வாங்குறதுக்கு முன்னாடி லேன் கேபிள யோசிங்க. ஸ்ட்ரீமர்ல லேன் ஓட்டை இல்லன்னாலும் பரவாயில்ல, கேபிள் கோடில ஒரு பழைய ரௌட்டர ஆக்ஸஸ் பாயிண்டா, அதாவது அங்க வைஃபை குடுக்குற பெட்டியா, வச்சுக்கலாம்.

நாங்க கேபிள்தான் இழுத்தோம். எலக்ட்ரீசியன் தம்பி ட்ரில்லிங் மெஷினோட வந்து நின்னாரு. முட்டை வெள்ளைக்கரு போட்டு பளபளன்னு பூசின சுவரு, அதுல ஓட்டை போட்டா அப்பச்சி என்னைப் போட்டுருவாரு. சுத்திப் பாத்தா உத்தரத்துக்குக் கீழ ஐயா (எங்க தாத்தா) காலத்து வால்வு ரேடியோவுக்கு ஏரியல் வயர் இழுத்த பீங்கான் குமிழு வரிசையா அப்படியே இருக்கு, முகப்புல இருந்து பட்டாலை வரைக்கும். அதுலயே லேன் கேபிள கட்டிக் கொண்டாந்துட்டோம். ஒரு ஆணி அடிக்கல. உங்க வீட்லயும் மேல நிமிந்து பாருங்க, இருந்தாலும் இருக்கும். கரண்டு வயரு மேல ஒட்டி மட்டும் போகவிடாதீங்க.

கரண்டு போனா ரௌட்டரும் போயிரும், 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு போட்டா ஆச்சு, ரௌட்டர் அடாப்டர்ல 12 வோல்ட்தானான்னு மட்டும் பாத்துக்கங்க.

ஆப்ல மாத்த வேண்டியது

ஆப் போட்ட உடனே யாரும் செட்டிங் பக்கம் போறதில்ல, அப்புறம் சிடி மாதிரி இல்லன்னு சொல்றது. ஸ்பாட்டிஃபைல காசு கட்டாத அக்கவுண்டுக்கு 160 கேபிபிஎஸ் வரைக்கும்தான், கட்டினா ப்ளானப் பொறுத்து 320-ஓ அதுக்கு மேலயோ கிடைக்கும், அதையும் செட்டிங்ல போய் நீங்கதான் வைக்கணும். யூட்யூப் மியூசிக்ல அதிகபட்சம் 256. ஆப்பிள் மியூசிக்ல 2021 ஜூன்ல இருந்து தனி காசு இல்லாம லாஸ்லெஸ் இருக்கு, செட்டிங்ல அத ஆன் பண்ணணும். டேட்டா சேவர ஆஃப் பண்ணுங்க. நார்மலைஸ் வால்யூம்னு, எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வர்றது, இருக்குறதையும் ஆஃப் பண்ணுங்க, ஈக்வலைசரும் ஆஃப், டோன் வேணும்னா ஆம்ப்ல பேஸ் ட்ரெபிள் குமிழு எதுக்கு இருக்கு? வயர்லயோ ப்ளூடூத்லயோ போடுறீங்கன்னா ஃபோன் வால்யூம முழுசா ஏத்திட்டு ஆம்ப்ல குறைச்சு வச்சுக் கேளுங்க. சிடி ப்ளேயர் 2 வோல்ட் குடுக்கும், நெறைய ஃபோன் அதுல பாதிகூடக் குடுக்காது, அதனால ஆம்ப் குமிழ வழக்கத்தவிட மேல திருப்ப வேண்டியிருக்கும். அப்படியே மறந்துபோய் ரேடியோவுக்கு மாத்தினீங்கன்னா பக்கத்து வீட்டு ஆச்சி எந்திரிச்சு வந்துருவாங்க.

தேடுறப்ப பேர மூணு விதமா அடிச்சுப் பாருங்க. குன்னக்குடி வயலின்னு தமிழ்ல அடிச்சா கொஞ்சம் வரும், இங்கிலீஷ் எழுத்துல க ஒண்ணு போட்டு அடிச்சா வேற வரும், ரெண்டு போட்டா இன்னும் வேற. காரைக்குடி மணி ஐயா மிருதங்கமும் அதே கதைதான். பழைய சினிமா பாட்டுன்னா ஒரே பாட்டு நாலு தடவை கிடக்கும், ஒண்ணுல எதிரொலி ஏத்தியிருப்பாங்க, ஒண்ணு மோனோ. நாலையும் ஒரு நிமிஷம் ஓட்டிப் பாத்து நல்லதுல ஹார்ட்ட அழுத்தி வைங்க, உங்க சிடில எது இருந்துச்சோ அது உங்க காதுக்குத் தெரியும்.

உர்ர்ர்னு வந்தா

புதுப் பெட்டி மாட்டினதும் பாட்டுக்குப் பின்னாடி வண்டு மாதிரி உறுமுச்சுன்னா பெட்டிய குறை சொல்லாதீங்க. மொதல்ல சார்ஜர கழட்டிப் பாருங்க, பேட்டரில ஓடுறப்ப சத்தம் நின்னா சார்ஜர்தான் காரணம், இல்லாட்டி கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு பெட்டியோட எர்த்தும் வயர் வழியா சுத்திச் சேர்றது. வேற சார்ஜர் போட்டுப் பாருங்க, ஆம்ப்பையும் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகிப் பாருங்க, அப்பவும் போகலன்னா ஆர்சிஏ வயருக்கு நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு சின்ன உருளை, அத மாட்டினா நின்னுரும். பழைய வீட்ல மரப்பட்டில போன வயரிங்ல எர்த்தே இருக்காது, எர்த் போட ஆளக் கூப்பிடுங்க. உறுமல் நிக்குதுன்னு ப்ளக்ல எர்த் கால வெட்டி விடுறவங்க இருக்காங்க, உசுரோட விளையாட்டு அது.

சிடிய என்ன பண்றது

கடைல வாங்கின சிடி பெரும்பாலும் ஆப்லயே கிடைக்கும். ஆப்ல கிடைக்காதது வீட்ல எது இருக்குன்னு பிரிங்க. எங்க வீட்ல அப்படி 23 தேறுச்சு. அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், ஐயாவோட சாந்தி கல்யாணத்துல (அறுபதாம் கல்யாணம்) பாடின கச்சேரி, அப்பத்தா தாலாட்டு பாடி யாரோ ரெக்கார்ட் பண்ணது. இதெல்லாம் எந்தக் கம்பெனியும் ஸ்ட்ரீமிங்ல போடாது. அதோட வாடகைக்குக் கேக்குற பாட்டு நாளைக்கு உரிமைச் சண்டைல ஆப்ப விட்டே போயிரும், அப்படி ரெண்டு ஆல்பம் எனக்கே காணாமப் போச்சு.

பேனாவுல எழுதின, வீட்லயோ ஸ்டுடியோவுலயோ எழுதின சிடி-ஆர் இருக்கு பாருங்க, அதத்தான் மொதல்ல காப்பி எடுக்கணும், அதுல இருக்குற சாயம் வெயில்லயும் சூட்லயும் வெளுத்துப்போகும். கம்பெனி அச்சு சிடி அவ்வளவு சீக்கிரம் போகாது. லேப்டாப்ல யுஎஸ்பி டிவிடி ட்ரைவ் மாட்டி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஃப்ளாக் ஃபைலா எடுங்க, எம்பி3 வேணாம், ஃப்ளாக்ல ஒண்ணும் குறையாது, ஒரு சிடிக்கு 300 எம்பி சுமாருக்கு வரும். 200 சிடின்னா 60 ஜிபி, ஒரு 128 ஜிபி பென்டிரைவ்ல எல்லாம் அடங்கிரும். ரெண்டு காப்பி வைங்க, ஒண்ணு இங்க, ஒண்ணு சென்னைல. அழுக்கு டிஸ்க்க வட்டமா தொடைக்காதீங்க, நடுவுல இருந்து வெளிப்பக்கம் நேரா இழுத்து மெத்துன்னு துணியால தொடைங்க. எடுத்த ஃபைல ஸ்ட்ரீமர்ல யுஎஸ்பி இருந்தா நேரா சொருகலாம், இல்லன்னா ரௌட்டர்லயோ லேப்டாப்லயோ வச்சு டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்குள்ளயே பாட்டு அனுப்புற முறை) வழியா ஓட்டலாம்.

பெரியவங்க கைக்கு வரணும்

எல்லாம் மாட்டி முடிச்சு அப்பச்சிகிட்ட ஃபோனக் குடுத்தேன். ரெண்டு தடவை தேச்சுப் பாத்துட்டு, "இதுல நான் எங்கப்பா அமுக்குறது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. நாலு நாள் செட்டு பக்கமே போகல. முப்பது வருஷமா எந்திரிச்சு, டிஸ்க்கப் போட்டு, பட்டன அமுக்கி, சாய்வு நாற்காலில உக்காந்த ஆளு. இவ்வளவு பண்ணியும் அவருக்குப் பாட்டு இல்லன்னா எதுக்கு?

அதுக்குத்தான் ப்ரீசெட் பட்டன் இருக்குற ரிமோட் வர்ற ஸ்ட்ரீமரா வாங்குங்கன்னு சொல்றேன், நான் மாத்தி வாங்கினேன், அதுல போன காசு தனி. இப்ப 1 அமுக்கினா காலைச் சாமி பாட்டு, 2 அவரோட சினிமா பாட்டு, 3 அமுக்கினா ஆகாசவாணியோட ராகம் சேனல், 2016 ஜனவரி 26-ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் சாஸ்திரிய சங்கீதம்தான். 4 அந்த 23 சிடி. ஆம்ப் செலக்டர் ஆக்ஸ்லயே நிக்குது, நகராம இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கேன். மேல ஒரு அட்டையில அப்பச்சியே பேனாவால எழுதி வச்சிருக்காரு, "முதலில் பெரிய சுவிட்ச். பிறகு எண். அவசரப்படக் கூடாது." அந்தக் கடைசி வரி ஆத்தாவுக்கு.

சிடி ப்ளேயர கழட்டல, பெல்ட் மாத்தினா ட்ரே வெளிய வரும்னு மெக்கானிக் சொல்லியிருக்காரு, உள்ள ஒரு டிஸ்க் வேற மாட்டிக்கிட்டிருக்கு.

வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. ஆம்ப், ஸ்ட்ரீமர், ரௌட்டர் மூணு ப்ளக்கையும் கழட்டிட்டுப் போங்க, இடி இறங்கினா லேன் வயர் வழியாவும் வரும், அதையும் உருவி விடுங்க. ஆம்ப் மேல பழைய வேட்டி ஒண்ணு போர்த்துங்க, ஓடுறப்ப மட்டும் எடுத்துருங்க. திரும்பி வந்த அன்னைக்கு சின்ன சத்தத்துல ஒரு மணி நேரம் ஓட விட்டுட்டு அப்புறம் ஏத்துங்க. ரிமோட்ல இருந்து பேட்டரிய எடுத்துருங்க, ஆறு மாசத்துல கசிஞ்சு ஸ்ப்ரிங்க தின்னுரும், எங்க பழைய டிவி ரிமோட் அப்படித்தான் போச்சு.